ஸ்டிரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு எத்தனை மைக் வேண்டும்? சபா நடத்துபவர்களுக்கு ஒரு விரிவான பதில்

வயலின் குடும்பத்து வாத்தியங்களை மட்டுமே வாசிக்கும் மேற்கத்திய இசைக்குழுவான ஸ்டிரிங் ஆர்கெஸ்ட்ரா ஒன்று, பதினைந்து பேரோடு உங்கள் ஊர் சபாவில் வாசிக்க வருகிறது, இதுவரை கர்நாடகக் கச்சேரி மட்டுமே நடத்தியிருக்கிறீர்கள், எத்தனை மைக் போடுவது, மேடை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தில் 350 இருக்கை, ஏசி உண்டு, மேடை 24 அடிக்கு 18 அடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி மைக்கைப் பற்றி இருந்தாலும், பழகிய கச்சேரி ஏற்பாட்டில் எதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். மேடை போதும். மைக் அநேகமாக வேண்டவே வேண்டாம். மைக்செட்டுக்கு எடுத்துவைத்த பணத்தை நாற்காலிக்கும் வெளிச்சத்துக்கும் மண்டபத்தை அமைதியாக்குவதற்கும் திருப்பிவிடுங்கள்.

முதலில் மேடைக் கணக்கு. பதினைந்து பேர் என்றால் பெரும்பாலும் முதல் வயலின் 5, இரண்டாம் வயலின் 4, வியோலா 3, செல்லோ 2, டபுள் பாஸ் 1 என்று இருக்கும். வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, செல்லோவும் டபுள் பாஸும் தரையில் ஊன்றி வாசிக்கும் இன்னும் பெரிய வாத்தியங்கள். வயலினும் வியோலாவும் வாசிப்பவருக்குத் தலைக்கு 1.25 சதுர மீட்டர், செல்லோவுக்கு 1.5, டபுள் பாஸுக்கு 1.8 என்பது அரங்கம் வடிவமைப்பவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. கூட்டினால் 20 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர் நிற்க 2 சதுர மீட்டர் சேர்த்தால் ஏறக்குறைய 235 சதுர அடி. உங்கள் மேடை 432 சதுர அடி. மிச்சம் வீணில்லை. அரைவட்டமாக உட்காரும்போது மூலைகள் காலியாகத்தான் இருக்கும், உள்ளே வந்து போக வழியும் வேண்டும். நெருக்கி உட்காரவைத்தால் முதலில் மாட்டுவது வலது முழங்கை. வில்லை முழு நீளத்துக்கு இழுக்கும்போது கை பக்கவாட்டில் நன்றாக வெளியே வரும். பக்கத்தில் இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டில் இடிக்கும் என்ற பயம் வந்துவிட்டால் வாசிப்பவர் வில்லைச் சுருக்கிவிடுவார், நாதமும் கூடவே சுருங்கிவிடும். கர்நாடகக் கச்சேரிக்காக மேடைமேல் போடும் பலகை மேடை, ஜமக்காளம், திண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பலகைகளின் இணைப்பில் நாற்காலிக் கால் ஏறி இறங்கினால் வாசிப்பின் நடுவே கிறீச்சென்று கேட்கும்.

உட்காரும் வரிசையைக் குழுவே முடிவு செய்துகொள்ளும். ஆனால் நாற்காலி போடுவது உங்கள் ஆட்கள் என்பதால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ரசிகர்களின் இடப்பக்கம் முதல் வயலின், அடுத்து இரண்டாம் வயலின், பிறகு வியோலா, வலப்பக்கம் செல்லோ, அதன் பின்னால் டபுள் பாஸ் என்பது வழக்கமான வரிசை. சில குழுக்கள் இரண்டாம் வயலினை வலப்பக்க முன்வரிசைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு வயலின் கூட்டங்களும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வதுபோல் அது அழகாக இருக்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு. வயலினின் மேல்பலகையில் இருக்கும் இரண்டு துளைகள் இடப்பக்கம் உட்கார்ந்தால் ரசிகர்களை நோக்கும், வலப்பக்கம் உட்கார்ந்தால் மேடையின் பின்சுவரை நோக்கும். பின்சுவரில் திரைச்சீலை தொங்கினால் அந்த ஒலி அதிலேயே அமுங்கிப்போகும்.

நாற்காலியில்தான் அநேக சபாக்கள் தவறுகின்றன. கை வைத்த நாற்காலி கூடாது. குழிந்த இருக்கையுள்ள பிளாஸ்டிக் நாற்காலியும் கூடாது. தட்டையான இருக்கை, 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரம், அசைந்தால் சத்தம் வராத கால், இவ்வளவுதான் தேவை. செல்லோ வாசிப்பவர் இருக்கையின் முன்விளிம்பில் உட்கார்ந்து, வாத்தியத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே அணைத்துக்கொள்வார். இருக்கை பின்பக்கம் சரிந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பு போய்விடும். டபுள் பாஸுக்கு 75 சென்டிமீட்டர் உயர ஸ்டூல் ஒன்று. உங்கள் குழுவுக்கு 14 நாற்காலி, ஒரு ஸ்டூல். வயலினும் வியோலாவும் நின்றுகொண்டே வாசிக்கும் குழுக்களும் உண்டு, ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோட்ஸ் ஸ்டாண்டை இருவருக்கு ஒன்று என்று பகிர்ந்துகொள்வார்கள். முதல் வயலினுக்கு 3, இரண்டாம் வயலினுக்கு 2, வியோலாவுக்கு 2, செல்லோ, பாஸ், கண்டக்டருக்குத் தலா 1 என்று 10 ஆகிறது. கைவசம் இன்னும் இரண்டு இருக்கட்டும். கம்பிகளாக மடங்கும் லேசான ஸ்டாண்ட் பெரிய புத்தகத்தைத் தாங்காமல் முன்னால் சாயும். தகடு வைத்த கனமான ஸ்டாண்டாகப் பாருங்கள்.

இனி, சின்னதாகத் தெரிந்தாலும் கச்சேரியையே நிறுத்திவிடக்கூடிய ஒன்று. செல்லோவின் அடியிலிருந்து ஒரு கம்பி நீண்டு, அதன் கூரான முனை தரையில் ஊன்றி நிற்கும். டபுள் பாஸுக்கும் அப்படியே. கிரானைட் அல்லது டைல்ஸ் போட்ட மேடையில் அந்த முனைக்குப் பிடிமானம் கிடையாது. வில்லின் அழுத்தம் கூடும் இடத்தில் செல்லோ சட்டென்று முன்னால் வழுக்கும். வாசிப்பவர் முழங்காலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டியதாகிவிடும். நாற்காலியின் முன்காலில் மாட்டும் பட்டையைப் பலர் கையோடு கொண்டுவருவார்கள். நீங்களும் 4 அடிக்கு 2 அடி ப்ளைவுட் பலகை மூன்று வெட்டிவையுங்கள். நாற்காலியின் முன்கால்கள் இரண்டும் பலகைமேல் நிற்க வேண்டும், கம்பி பலகையில் ஊன்ற வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் எடையே பலகையை நகரவிடாது. மேடை மரத்தளமாக இருந்தால் வழுக்கும் தொல்லை இல்லை, கீழ் ஸ்தாயி நாதமும் தளத்தில் இறங்கி நன்றாகத் திரளும். ஆனால் கம்பி முனை மரத்தில் சிறு குழிகள் போடும். மண்டபக்காரரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

இப்போது மைக். வயலினை நாம் ஒற்றை வாத்தியமாகக் கேட்டுப் பழகியவர்கள். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக, தோளுக்கும் காலுக்கும் நடுவே நிறுத்தி, மைக்கை ஒட்டிவைத்து வாசிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஸ்டிரிங் ஆர்கெஸ்ட்ராவில் ஒன்பது வயலின் சேர்ந்து ஒலிப்பது, ஒரு வயலினை ஒன்பது மடங்கு பெரிதாக்கியது போல் இருக்காது. ஒவ்வொருவரின் சுருதியிலும் அசைவிலும் உள்ள மயிரிழை வித்தியாசங்கள் காற்றில் கலந்துதான் அந்தப் பட்டுப்போன்ற நாதம் உண்டாகிறது. கலப்பதற்கு மண்டபத்தின் காற்றும் சுவரும் வேண்டும். ஆளுக்கொரு மைக் வைத்தால் கலப்பதற்கு முன்பே பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். வில்லின் உரசல் சத்தம் தூக்கலாக வரும், கண்டக்டர் பார்த்துப் பார்த்துச் சமன் செய்த அளவை மைக்செட்காரர் தம் காதுக்கு ஏற்ப மாற்றிவிடுவார். 350 பேர் உட்காரும் மூடிய மண்டபத்தில், ஏசி போன்றவற்றின் இரைச்சல் குறைவாக இருந்தால், பதினைந்து பேர் வாசிப்பது மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் உங்கள் மண்டபத்தின் சுபாவத்தில்தான். அதை நேரில் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலி மண்டபத்தில் மேடை நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஒலி அறுத்துப்போட்டதுபோல் உடனே நின்றுவிட்டால் மண்டபம் வறண்டது. ஒரு நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போனால் நல்லது. தந்தி வாத்தியக் குழுவுக்கு 1.3 முதல் 1.8 நொடிவரை கார்வை இருந்தால் சுகம். டப்டப் என்று தனித்தனியாகத் திரும்பி வந்தால் அது எதிரொலி. ரசிகர்களுக்குப் பின்னாலுள்ள சுவர் வெறும் சுவராக இருக்கிறது என்று அர்த்தம், அங்கே துணி தொங்கவிடலாம். பிறகு ஒரு வயலின் வித்வானை மேடையில் உட்காரவைத்து, வில்லைத் தொடாமல் விரலால் மெதுவாகத் தந்தியைச் சுண்டச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏசியைப் போட்டும் நிறுத்தியும் கேளுங்கள். ஏசி ஓடும்போது சுண்டல் மறைந்துபோனால் குறை ஏசியில், மைக் வைத்து அதைத் தீர்க்க முடியாது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஆட்கள் ஒலியை உறிஞ்சுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்ட மண்டபம் காலியாக இருக்கும்போது கணகணவென்று இருந்துவிட்டு, கூட்டம் நிரம்பியதும் அடங்கிப்போகும். மெத்தை இருக்கைகளில் அந்த வித்தியாசம் குறைவு.

மண்டபம் வறண்டிருந்தால் செலவில்லாத வைத்தியம் இரண்டு உண்டு. மேடையின் பின்திரையையும் பக்கத்திரைகளையும் கழற்றுங்கள். குழுவின் பின்னால் 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் பலகைகளை ஐந்தாறு நிறுத்தி, விழாதபடி கட்டுங்கள். பானர் தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் பலகைக்கு மேலே தொங்கட்டும். அடுத்தது, குழுவை மேடையின் ஆழத்தில் உட்காரவைக்காமல், முன்விளிம்பிலிருந்து மூன்று அடி மட்டும் விட்டு முன்னால் கொண்டுவருவது. இரண்டும் செய்தபின்னும் கடைசி வரிசைக்கு எட்டவில்லையென்றால், அல்லது கச்சேரி திறந்தவெளியில் நடந்தால், அப்போது மைக் வையுங்கள். பாட்டுக்கு வைக்கும் டைனமிக் மைக் இதற்கு ஆகாது. கண்டென்சர் மைக் இரண்டை, கண்டக்டருக்குச் சற்றுப் பின்னால், தரையிலிருந்து 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில், குழுவைப் பார்த்துச் சரித்து நிறுத்துங்கள். ஒலியை மெல்லத் தாங்கிக்கொடுத்தால் போதும். ஸ்பீக்கர் இருப்பதே ரசிகருக்குத் தெரியாத அளவு சரியான அளவு. எக்கோ சேர்க்க வேண்டாம் என்று மைக்செட்காரரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

வெளிச்சம் கர்நாடகக் கச்சேரியில் முகம் தெரிந்தால் போதும். இங்கே பதினைந்து பேரும் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். தாளின்மேல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு, நிறம் மாறாத வெள்ளை வெளிச்சம், மேலிருந்தும் முன்னாலிருந்தும் விழ வேண்டும். கலர் லைட் வேண்டாம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பென்சில் குறிப்பு மறைந்தே போகும். வில்லை எங்கே மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்ற குறிப்புகளைப் பென்சிலில்தான் எழுதிவைத்திருப்பார்கள். சீலிங் ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் தாளில் படபடவென்று வெட்டிக்கொண்டே போகும். அந்த ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும், காற்றில் தாள் பறப்பதும் அதோடு நின்றுவிடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வரும் பத்து விநாடி இருட்டில் பாடகர் ஆலாபனையைத் தொடரலாம், இவர்களால் முடியாது. மேடை விளக்கை மட்டுமாவது யுபிஎஸ்ஸில் போடுங்கள். ஜெனரேட்டரை மேடைக்குப் பின்புறம் நிறுத்தாமல் வாசல் பக்கம் தள்ளி வையுங்கள்.

வெயிலும் ஈரமும் இந்த வாத்தியங்களுக்கு எதிரி. வயலின் குடும்பத்தின் பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. சூட்டிலும் ஈரத்திலும் இளகும். பிற்பாடு பழுது பார்க்கும்போது பிரித்தெடுக்க வசதியாக, வேண்டுமென்றேதான் அதை வைக்கிறார்கள். மதிய வெயிலில் நிறுத்திய வேனுக்குள் பெட்டி ஒரு மணி நேரம் இருந்தால் ஓரத்து இணைப்பு விட்டுப்போகலாம். ஆகவே வாத்தியங்கள் வண்டியிலிருந்து நேராக ஏசி அறைக்குப் போக வேண்டும். பூட்டுள்ள அறை, பெட்டிகளைத் திறந்து வைக்க நீளமான மேசைகள், தரையில் எதுவும் இல்லாமல். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நிம்மதி. கடலோர ஊரில் அது எளிதில்லை. செய்யக்கூடியது ஏசியை விட்டுவிட்டுப் போடாமல் ஒரே சீராக வைப்பது. மூன்று மணி நேரம் முன்பே மண்டபத்தைக் குளிரவைத்து, வாசிக்கும்போது ஏசியின் ஃபேன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மேடைக்கு நேர்மேலே உள்ள ஏசியை மட்டும் நிறுத்துங்கள். முழுவதும் நிறுத்தினால் கூட்டத்தின் மூச்சிலேயே ஈரம் ஏறி, தந்தியை முறுக்கும் பிருடைகள் இறுகித் திரும்ப மறுக்கும். சூடான மேடை விளக்கின் கீழ் தந்தி நீண்டு சுருதி இறங்கும்.

டபுள் பாஸைப் பற்றி மட்டும் இன்றே குழுவிடம் பேசிவிடுங்கள். ஆளுயரத்துக்கும் மேலான வாத்தியம் அது. காரில் போவது கஷ்டம், விமானத்தில் தனிப் பெட்டி வேண்டும். செல்லோவுக்கே பலர் விமானத்தில் இன்னொரு இருக்கைக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். பக்கத்து நகரத்தில் இரவல் வாங்குவதா, வேனில் படுக்கவைத்துக் கொண்டுவருவதா என்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால், பாஸ் இல்லாமலே கச்சேரி நடக்கும். பாஸ் போனால் கட்டடத்தின் அஸ்திவாரம் போன மாதிரி.

அன்றைக்கு மண்டபத்தில் இரண்டு மணி நேர ஒத்திகை அவசியம். அவர்கள் வருவதற்கு முன்பே நாற்காலி, ஸ்டாண்ட், விளக்கு எல்லாம் இருக்குமிடத்தில் இருக்க வேண்டும். கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஒத்திகை முடிந்துவிடட்டும். கொட்டை, எண்ணெய்ப் பலகாரம், ஒட்டும் இனிப்பு ஆகியவற்றைக் கச்சேரி முடிந்தபின் கொடுங்கள். எண்ணெய்க் கை தந்தியிலும் வில்லின் ரோமத்திலும் பட்டால், அதில் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் பிடிக்காது.

சம்பிரதாயங்களை விடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். குத்துவிளக்கை வாசலில் ஏற்றுங்கள். மேடையில் எண்ணெய் சிந்தினால் நாற்காலியும் வழுக்கும், செல்லோவும் வழுக்கும். சாம்பிராணிப் புகையும் புகை மெஷினும் வேண்டாம். பூமாலையிலிருந்து தண்ணீர் சொட்டும், வார்னிஷில் பட்டால் வெள்ளைத் தடம் விழும். பொன்னாடை நல்லது, கச்சேரி முடிந்து வாத்தியங்கள் பெட்டிக்குப் போனபின். முக்கியமாக, பேச்சு. குழு மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்தபின் இருபது நிமிடம் வரவேற்புரை நடந்தால் விரல் குளிர்ந்துவிடும், சுருதியும் நகர்ந்துவிடும். உரையெல்லாம் முடிந்தபின்தான் குழு மேடை ஏற வேண்டும்.

சுருதி சேர்ப்பதைப் பற்றி ரசிகர்களுக்கு ஒரு வரி அச்சடித்துக் கொடுக்கலாம். தம்புரா கிடையாது. முதல் வயலின் தலைவர் எழுந்து ‘ஏ’ என்ற ஸ்வரத்தை, விநாடிக்கு 440 அதிர்வு, ஒரே நீளமாக இழுப்பார். மற்றவர்கள் முதலில் அதோடு சேர்த்துக்கொண்டு, பிறகு மற்றத் தந்திகளைச் சேர்ப்பார்கள். நம் வயலினில் ஸட்ஜமும் பஞ்சமமும் மாறிமாறி வரும். இங்கே நான்கு தந்தியும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். டபுள் பாஸ் மட்டும் மத்தியம இடைவெளியில். அந்த ஒரு நிமிடம் மண்டபம் மௌனமாக இருந்தால்தான் அவர்களால் கேட்டுச் சேர்க்க முடியும்.

உருப்படிகளைக் குழுதான் தேர்ந்தெடுக்கும், ஆனால் உங்கள் கருத்தைக் கேட்டால் சொல்ல ஒரு யோசனை. டிவர்டிமெண்டோ, செரனேட், சூட் எல்லாம் பல பகுதிகள் கொண்ட உருப்படி வகைகள். மோட்ஸார்ட் 16 வயதில், 1772இல், ஸால்ஸ்பர்க்கில் எழுதிய கே. 136 என்ற பட்டியல் எண்ணுள்ள டிவர்டிமெண்டோ 14 நிமிடம். எல்கரின் 1892ஆம் ஆண்டு செரனேட் 13 நிமிடம். இவை முதல் பாதி. இடைவேளைக்குப் பின் ஹோல்ஸ்டின் செயின்ட் பால்ஸ் சூட், 13 நிமிடம், பிறகு க்ரீகின் ஹோல்பெர்க் சூட், 20 நிமிடம். ஹோல்ஸ்ட் லண்டனில் தாம் கற்பித்த பெண்கள் பள்ளியின் மாணவிகளுக்காக 1913இல் எழுதியது செயின்ட் பால்ஸ் சூட். கடைசிப் பகுதியில் ஒரு துள்ளலான நாட்டுப்புற நடன மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ‘க்ரீன்ஸ்லீவ்ஸ்’ என்ற பழைய ஆங்கில மெட்டு செல்லோவில் நீண்டு எழும். இரண்டும் ஒன்றை ஒன்று மறைக்காமல் சேர்ந்து போவதைக் கேட்டுத் தொடர்வதே, முதல்முறை வரும் ரசிகருக்கு இந்த இசையின் வாசலைத் திறந்துவிடும். ரிக்வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்க்க வேண்டும் என்று ஸம்ஸ்கிருதம் படித்தவர் ஹோல்ஸ்ட் என்பதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் சேருங்கள். சைகோவ்ஸ்கியின் 1880ஆம் ஆண்டு செரனேடைக் கேட்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் வாசிப்பவர்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தம் விருப்பத்துக்கு இசைவு என்று அவரே ஸ்கோர் என்ற முழு இசைத்தாளில் எழுதிவைத்திருக்கிறார். பதினைந்து பேருக்கு அது மெலிந்துபோகும். நிகழ்ச்சிக்கு நான் சொன்ன நால்வரும் மறைந்து 60 ஆண்டு தாண்டிவிட்டதால் இந்தியச் சட்டப்படி காப்புரிமைத் தடையில்லை. 1976இல் மறைந்த பிரிட்டன் என்ற இசையமைப்பாளரோ 1981இல் மறைந்த பார்பர் என்ற இசையமைப்பாளரோ பட்டியலில் இருந்தால் உரிமம் வாங்க வேண்டும். சினிமாப் பாட்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி வாசித்தாலும் அப்படித்தான்.

இந்த உருப்படிகள் எல்லாம் மூன்று முதல் ஐந்து பகுதிகளாக வரும். பகுதிகளுக்கு நடுவே கைதட்டாமல் உருப்படி முடிந்தபின் தட்டுவது வழக்கம். பகுதிகளின் பெயரை வரிசையாக அச்சிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தால் போதும், மேடையேறிக் கண்டிப்பு செய்ய வேண்டாம். யாராவது நடுவில் தட்டினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. தாமதமாக வருபவர்களை இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் மட்டும் உள்ளே விடுங்கள், கேன்டீன் கதவை மூடிவையுங்கள். எல்கரின் செரனேட் ஓங்கி முடியாது, மெல்ல மெல்ல அடங்கித்தான் முடியும். கடைசி ஒலி தேய்ந்தபின்னும் வில்கள் தந்தியை ஒட்டியபடி அசையாமல் நிற்கும், கண்டக்டரின் கையும் இறங்காது. அந்த மூன்று நான்கு விநாடியும் இசையைச் சேர்ந்ததுதான். உங்கள் அறிவிப்பாளரிடமும் விளக்குப் போடுபவரிடமும், அந்தக் கை கீழே இறங்கும்வரை ஸ்விட்சைத் தொட வேண்டாம் என்று ஒத்திகையின்போதே காட்டிச் சொல்லிவிடுங்கள்.